வேலை நடக்கும் சாலை: இடத்தையும் நேரத்தையும் பங்கிட்ட வரலாறு

இந்தியச் சாலைகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரண்டு தேதிகளையே பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்று அடிக்கல் நாட்டிய நாள். மற்றொன்று திறப்பு விழா நாள். நீளம், செலவு, திறந்துவைத்தவரின் பெயர் ஆகியவையும் ஆவணங்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவ்விரு தேதிகளுக்கும் நடுவே சாலை பாதி மூடியும் பாதி திறந்தும் கிடந்த ஆண்டுகளைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. கொல்கத்தாவின் முதல் பாதாள ரயில் தடத்துக்கு அந்த இடைக்காலம் ஏறத்தாழ 23 ஆண்டுகள். ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோரின் நினைவில் அந்த இடைக்காலம் முடிந்ததே இல்லை.

வேலை நடக்கும் சாலையில் ஒரே நிலத்துண்டை இருவர் கேட்கிறார்கள். சாலையைப் போடுகிறவருக்கு அது வேண்டும். சாலையில் போகிறவருக்கும் அது வேண்டும். இவ்விருவருக்கும் இடையே செய்யப்படும் பங்கீட்டையே போக்குவரத்துக் கட்டுப்பாடு என்கிறோம். இப்பங்கீடு இந்தியாவில் இரண்டு வழிகளில் வளர்ந்தது. நகரத்தில் வேறு தெருக்கள் உண்டு. ஆகவே அங்கே இடம் பங்கிடப்பட்டது. மலையில் வேறு சாலை கிடையாது. ஆகவே அங்கே நேரம் பங்கிடப்பட்டது. இரண்டு முறைகளிலும் பங்கீட்டின் சுமை யார்மீது விழுந்தது என்ற கேள்வி ஒன்றே. அதற்கான விடையும் பெரிதும் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது.

*வேலியும் விளக்கும்*

காலனியச் சட்டம் இப்பிரச்சினையை முதலில் ஒரு தடையாகவே கண்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 283ஆம் பிரிவில், பொதுவழியில் செல்வோருக்கு ஆபத்தையோ தடையையோ விளைவிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதித்தது. மணலைத் தெருவில் கொட்டியவரும், வண்டியைக் குறுக்கே நிறுத்தியவரும், பள்ளம் வெட்டி அப்படியே விட்டவரும் இந்தப் பிரிவின் கண்ணில் ஒரே வகையினர்.

நகராட்சிச் சட்டங்கள் இன்னும் ஒரு படி முன்னே சென்றன. 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம், தெருவையோ வடிகாலையோ பழுதுபார்க்கும்போது விபத்து நேராமல் காக்கும் கடமையை ஆணையர்மீது சுமத்தியது. அருகிலுள்ள கட்டடங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தெருவின் குறுக்கே கட்டைகளோ சங்கிலிகளோ தூண்களோ வைத்து வண்டிகளைத் தடுக்க வேண்டும். இரவில் அவ்விடத்தில் வெளிச்சமோ காவலோ இருக்க வேண்டும். பகலில் வேலி, இரவில் விளக்கு என்பதே இதன் சாரம். பள்ளத்தின் ஓரத்தில் சிவப்புக் கண்ணாடி பதித்த லாந்தரும், அதனருகே சாக்கைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் காவற்காரரும் இந்திய நகரங்களின் இரவுக் காட்சியில் நீண்ட காலம் நிலைத்திருந்தனர்.

இச்சட்டத்தின் உள்ளே ஒரு வேகக் கணக்கு ஒளிந்திருக்கிறது. மாட்டு வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில் போகும். குதிரை வண்டி சற்று விரையும். அப்படி வருகிறவருக்குப் பள்ளத்தின் விளிம்பில் வைத்த விளக்கே போதும். ஆபத்தை அது இருக்கும் இடத்திலேயே காட்டினால் அவர் நின்றுகொள்வார். வழியில் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய தேவை அச்சட்டத்தை எழுதியோருக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய கட்டாயமும் இல்லை.

மோட்டார் வாகனம் இந்தக் கணக்கைக் கலைத்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் விளக்கைக் கண்டு, உணர்ந்து, காலைத் தடையில் வைப்பதற்குள் பள்ளம் பின்னால் போயிருக்கும், அல்லது வண்டி பள்ளத்துக்குள் இருக்கும். ஆபத்துக்கும் எச்சரிக்கைக்கும் இடையில் தூரம் தேவைப்பட்டது. அத்தூரத்தை யார் அளப்பது, யார் காப்பது, அதற்கு யார் செலவு செய்வது என்பவை புதிய கேள்விகள்.

*விதி எழுதப்பட்ட வேகம்*

முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. சாலைகளின் நிலையை ஆராய 1927இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1929இல் மத்தியச் சாலை நிதியும், 1934 டிசம்பரில் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பும் உருவாயின. சாலையின் அகலம், வளைவு, தளத்தின் கனம், பாலத்தின் தாங்குதிறன் ஆகியவற்றுக்கு இந்த அமைப்பே அளவுகோல்களை வகுத்து வந்தது. ஆனால் வேலை நடக்கும் இடத்தின் பாதுகாப்பை மட்டுமே பொருளாகக் கொண்ட அதன் வழிகாட்டு நூல் 2001இல்தான் வெளிவந்தது. அமைப்பு பிறந்து 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014இல் அந்நூல் திருத்தி எழுதப்பட்டபோது தலைப்பும் மாறியது. முதல் பதிப்பு கட்டுமானப் பகுதியின் பாதுகாப்பைப் பேசியது. இரண்டாம் பதிப்பு வேலையிடத்தின் போக்குவரத்து மேலாண்மையைப் பேசியது.

நூல் கூறும் முறை தெளிவானது. வேலையிடம் என்பது வெட்டப்பட்ட பள்ளத்தோடு முடிவதில்லை. அதற்கு நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, வேலை நடப்பதை ஓட்டுநருக்கு அறிவிக்கும் முன்னெச்சரிக்கைப் பகுதி. இரண்டாவது, வண்டிகளைச் சிறிது சிறிதாகப் பக்கத்துத் தடத்துக்கு நகர்த்தும் பகுதி. இங்கே கூம்புகளும் பீப்பாய்களும் சாய்கோடாக அடுக்கப்படும். மூன்றாவது, வேலை நடக்கும் இடமும், அதில் பணியாளருக்கென ஒதுக்கிய காப்பு வெளியும். நான்காவது, வண்டிகள் மீண்டும் தம் தடத்துக்குத் திரும்பும் பகுதி. சாலையின் வேகம் கூடக் கூட முதல் இரு பகுதிகளின் நீளமும் கூட வேண்டும். நடப்போருக்குத் தனி வழி விட வேண்டும் என்பதும் இதில் அடங்கும்.

சட்டத்திலும் ஏற்பாடு இருந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115ஆம் பிரிவில், ஒரு சாலையில் வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாதெனில் அரசிதழில் அறிவிக்க வேண்டியதில்லை. சூழலுக்கு ஏற்ற உள்ளூர் விளம்பரம் போதும். பயணிகளின் அன்றாடத்தை மாற்றும் பெரும்பாலான ஆணைகள் இந்தச் சிறு விலக்கின் வழியாகவே பிறக்கின்றன. அவை செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு நாள் வந்து மறைந்துவிடுவதால், பின்னாளில் ஆய்வாளர் தேடினால் கிடைப்பதும் அரிது. இந்தத் துறையின் வரலாறு எழுதப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

*சௌரங்கியின் பத்தாண்டுகள்*

நகரத்தில் இடத்தைப் பங்கிடுவது எவ்வளவு கடினம் என்பதை இந்தியா கற்ற இடம் கொல்கத்தா. 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி பாதாள ரயிலுக்கு அடிக்கல் நாட்டினார். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை 16.45 கிலோமீட்டர். நகரப் பரப்பில் சாலைகள் பெற்றிருந்த பங்கு மிகச் சிறியது. 4 முதல் 6 விழுக்காடு வரை என்றே மதிப்பீடுகள் கூறின. சாலை போதாததால்தான் பாதாள ரயில் தேவைப்பட்டது. பாதாள ரயிலைக் கட்ட அந்தப் போதாத சாலையையே வெட்ட வேண்டியிருந்தது.

அன்றைய தொழில்நுட்பமும் நகரின் களிமண்ணும் சேர்ந்து, பெரும்பகுதித் தடத்துக்கு வெட்டி மூடும் முறையைத் தேர்ந்தெடுக்க வைத்தன. சியாம்பஜார் - பெல்காச்சியா பகுதியில் மட்டும், ரயில்வே நிலத்துக்கும் கால்வாய்க்கும் அடியில் துளையிட்டுச் சென்றார்கள். மற்ற இடங்களில் தெருவின் இருபுறமும் ஆழமான கான்கிரீட் சுவர்களை இறக்கி, நடுவே மண்ணை அகழ்ந்து, பெட்டி போன்ற சுரங்கத்தைக் கட்டி, மேலே மீண்டும் சாலையைப் போட வேண்டும். நகரின் முதுகெலும்பான சித்தரஞ்சன் அவென்யூ, சௌரங்கி, ஆசுதோஷ் முகர்ஜி சாலை, சியாமாபிரசாத் முகர்ஜி சாலை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன.

மண்ணை அகழ்வதற்கு முன்பே வேறொரு நகரம் குறுக்கே நின்றது. செங்கல்லால் கட்டிய பழைய கழிவுநீர்க் கால்வாய்கள், குடிநீர்க் குழாய்கள், எரிவாயுக் குழாய்கள், மின்கம்பிகள், தொலைபேசிக் கம்பிகள் ஆகிய அனைத்தையும் முதலில் இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே ஒரே தெரு இருமுறை வெட்டப்பட்டது: குழாய்களுக்காக ஒரு முறை, ரயிலுக்காக ஒரு முறை. 1970களின் பிற்பகுதி வரை போதிய நிதி வரவில்லை; நீதிமன்றத் தடைகளும் பொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. வெட்டிய பள்ளம் வேலையின்றிக் காத்திருந்த காலங்களில் போக்குவரத்தும் அதனோடு சேர்ந்து காத்திருந்தது.

அக்காலத்துப் பொறியாளர்கள் கண்ட தீர்வுகளுள் முக்கியமானது தற்காலிக மேல்தளம். அகழ்ந்த பள்ளத்தின்மேல் தளம் பரப்பி வண்டிகளை அதன்மேல் ஓடவிட்டு, அடியில் வேலையைத் தொடர்ந்தார்கள். இடத்தைப் பக்கவாட்டில் பங்கிட முடியாதபோது மேலும் கீழுமாகப் பங்கிட்டார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பேருந்தைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பலாம். டிராமைத் திருப்ப வேண்டுமானால் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட வேண்டும் என்பது அந்நகரத்துக்கே உரிய கூடுதல் சிக்கல்.

1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேட் - பவானிபூர் இடையே 3.4 கிலோமீட்டர் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பாதாள ரயில் அது. முழுத் தடமும் ஓடத் தொடங்கியது 1995 செப்டம்பரில். அடிக்கல் நாட்டிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 22 அல்லது 23. அக்குழந்தையின் பள்ளிக்காலம் முழுவதும் நகரின் நடுத்தெருவில் எங்கோ ஓரிடத்தில் தடுப்பு வேலி இருந்திருக்கும்.

*தில்லி கற்றதும் கல்லாததும்*

1970களின் முற்பகுதியில் கொல்கத்தாத் திட்டத்தின் வடிவமைப்புப் பணியில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் இ. ஸ்ரீதரன். கால் நூற்றாண்டுக்குப் பின் தில்லி மெட்ரோவின் மேலாண் இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். 1998 அக்டோபரில் அங்கே கட்டுமானம் தொடங்கியது. 2002 டிசம்பரில் முதல் தடம் ஓடியது. வேகத்துக்குப் பல காரணங்கள் உண்டு. நிதி தடையின்றி வந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருந்தது. தெருவைக் கையாண்ட முறையும் அக்காரணங்களுள் ஒன்று.

குழாய்களையும் கம்பிகளையும் முன்னதாகவே நகர்த்துவது, தூண் நடுவதற்கு முன் இருபுறமும் சாலையை அகலப்படுத்துவது, வேலையிடத்தை உயரமான இரும்புத் தகடுகளால் முழுமையாக மறைப்பது, மண் ஏற்றிய லாரிகளை இரவில் மட்டும் வெளியேற்றுவது, வெளியேறும் முன் அவற்றின் சக்கரங்களைக் கழுவுவது ஆகியவை அங்கே வழக்கமாயின. பழைய தில்லியின் நெரிசல் மிக்க தெருக்களுக்கு அடியில் துளைபொறி சென்றது. சாவ்ரி பஜார் நிலையம் சுமார் 25 மீட்டர் ஆழத்தில் அமைந்தது. மேலே சந்தை நடந்துகொண்டிருக்க, கீழே சுரங்கம் வளர்ந்தது. கொல்கத்தாவில் தளம் பரப்பித் தேடிய மேல் - கீழ்ப் பங்கீடு இங்கே ஆழத்தின் உதவியால் நிறைவேறியது.

ஆயினும் தகடு மறைக்கும் இடம் யாருடையது என்ற கேள்வி எஞ்சியது. தடுப்புத் தகடு தெருவுக்குள் நகரும்போது மோட்டார் தடங்களின் எண்ணிக்கையைக் காப்பாற்றப் பொறியாளர் முயல்கிறார்; முதலில் மறைவது நடைபாதை. நடப்பவர் சாலையில் இறங்குகிறார். தள்ளுவண்டிக்காரர் வேறு மூலையைத் தேடிப் போகிறார். வாகன எண்ணிக்கை எடுக்கப்படும் அளவுக்கு நடப்போர் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதவருக்கு வரைபடத்தில் வழியும் இல்லை.

இடத்தை மட்டும் பங்கிட்டு நேரத்தைப் பங்கிட மறந்தால் என்ன நேரும் என்பதையும் தில்லி கண்டது. 2008 அக்டோபர் 19 அன்று லட்சுமி நகரில், பாலத்தின் பாகங்களை ஏற்றிவைக்கும் பெரும் இரும்புச் சட்டம் சரிந்து கீழே சென்ற பேருந்தின்மேல் விழுந்தது. இருவர் இறந்தனர். 2009 ஜூலை 12 அன்று ஜம்ருத்பூரில் மேம்பாலப் பகுதி இடிந்து ஆறு பேர் இறந்தனர். அவர்கள் அப்பணியில் ஈடுபட்டிருந்தோர். ஸ்ரீதரன் பொறுப்பேற்றுப் பதவி விலக முன்வந்தார்; அரசு ஏற்கவில்லை. முதல் விபத்து எழுப்பிய கேள்வி போக்குவரத்துக் கட்டுப்பாட்டைச் சார்ந்தது: பல டன் எடையைத் தலைக்குமேல் தூக்கும் நேரத்தில் கீழே சாலை ஏன் திறந்திருந்தது? அந்த நேரத்துக்கு மட்டும் போக்குவரத்தை நிறுத்தியிருந்தால் பேருந்து அங்கே இருந்திராது. நகரம் தன் தெருவை ஒரு மணி நேரம் இழக்கத் தயங்குகிறது. மலையோ நாள்தோறும் பல மணி நேரம் இழந்து பழகியது.

*மலையின் கேட்*

1960 மே 7 அன்று எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்டது. கிழக்கில் டஸ்கர், மேற்கில் பீக்கன் என்ற இரண்டு திட்டங்களோடு பிறந்த அவ்வமைப்பு, 1962 போருக்குப் பின் இமயமலை முழுவதும் பரவியது. அது போட்ட சாலைகளுள் பல, நெடுங்காலம் ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலமுடையவை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. எதிரெதிரே இரு லாரிகள் சந்தித்தால் ஒன்று பின்னோக்கி நகர்ந்தே ஆக வேண்டும். அத்தகைய சாலையில் வேலையும் நடந்தால் பக்கவாட்டில் பங்கிட ஒன்றுமே இல்லை.

அங்கே உருவானது கேட் முறை. உத்தராகண்டில் ஜோஷிமட் - பத்ரிநாத் சாலை இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. குறித்த நேரத்தில் கீழிருந்து ஒரு தொகுதி வண்டிகளை விடுவார்கள். இடையில் பாண்டுகேஸ்வரில் அவை நின்று மேலிருந்து வருவனவற்றுக்கு வழிவிடும். பத்ரிநாத்துக்குச் சென்ற பல தலைமுறை யாத்திரிகர்களின் பயணம் இந்த மணிக்கணக்கின்படியே நடந்தது. கேட்டைத் தவறவிட்டவர் அடுத்த கேட் வரை காத்திருக்க வேண்டும். மாலைக் கேட்டைத் தவறவிட்டவருக்கு அன்றிரவு அங்கேதான்.

ஒற்றைத் தடத்தை இருபுறத்தாரும் மாறி மாறிப் பயன்படுத்தும்போது எழும் முதன்மையான சிக்கல் எளியது: அந்தப் பக்கத்துக் கடைசி வண்டி வந்துவிட்டதா என்பதை இந்தப் பக்கத்தவர் எவ்வாறு அறிவது? ஒற்றைத் தட ரயில்வே இதற்கு டோக்கன் முறையைக் கண்டது. சாலையிலும் கடைசி வண்டியின் எண்ணைக் கம்பியில்லாக் கருவியில் சொல்வது, அந்த வண்டியிடம் ஒரு கொடியையோ அடையாளப் பொருளையோ கொடுத்தனுப்புவது என்னும் வழக்கங்கள் உண்டு. கருவி எதுவாயினும், இரு முனைகளிலும் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் நம்புவதே இம்முறையின் ஆதாரம்.

இதன் கடுமையான வடிவத்தைச் சுமார் 11,500 அடி உயரத்திலுள்ள சோஜிலாக் கணவாயில் காணலாம். 1948 நவம்பர் 1 அன்று இந்திய இராணுவம் இக்கணவாய் வழியே டாங்கிகளைக் கொண்டு சென்றது. அதற்காகக் கோவேறு கழுதைப் பாதையை அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர். பின்னர் அதுவே ஸ்ரீநகர் - லே சாலையின் பகுதியாயிற்று. முன்னாளில் குளிர்காலம் முழுவதும், ஐந்தாறு மாதங்கள், கணவாய் மூடியிருக்கும். பனி அகற்றும் பொறிகள் பெருகியதால் மூடும் காலம் சுருங்கியது. 2023இல் 68 நாட்களுக்குப் பின் மார்ச் 16 அன்று திறக்கப்பட்டது. திறந்தபின்னும் இருபுறமும் பனிச்சுவர் நிற்க, நடுவே ஒரு வண்டிக்கான இடமே இருக்கும். சோனமார்க் பக்கம் ஒரு முறை, மினாமார்க் பக்கம் ஒரு முறை என வண்டிகள் விடப்படும். பனிச்சரிவு அபாயம் உள்ள மணிகளில் இருபுறமும் மூடப்படும். இங்கே அட்டவணையை எழுதுவதில் வெயிலுக்கும் பங்குண்டு.

*அழுகிய ஆப்பிள்*

நேரத்தைப் பங்கிடும் முறை எல்லோருக்கும் ஒரே அளவு நேரத்தைத் தருவதில்லை. ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1922இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பனிஹால் வண்டிச்சாலை அப்போது காஷ்மீரின் இரண்டாவது வழியே. முதன்மை வழி ஜீலம் பள்ளத்தாக்கு வழியாகச் சென்றது. 1947இன் பிரிவினை அந்த வழியை அடைத்தது. பனிஹால் சாலை பள்ளத்தாக்குக்கும் இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் இடையிலான உயிர்நாடியாயிற்று. 1956 டிசம்பரில் ஜவாஹர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது.

இச்சாலையை நான்கு வழியாக்கும் பணி தொடங்கியபின் ராம்பன் - பனிஹால் பகுதியில் மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன. மழை பெய்தால் வெட்டிய சரிவு இளகிக் கற்கள் உருளும், சாலை மூடப்படும், அகற்றியபின் ஒருவழியாகத் திறக்கப்படும். ஒருவழியாகத் திறக்கும்போது வரிசையை யாராவது முடிவு செய்ய வேண்டும். பாதுகாப்புப் படைகளின் வாகன அணி, பயணிகளின் சிறு வண்டிகள், சுமை லாரிகள் என்று வரும் வரிசையில் லாரி பெரும்பாலும் பின்னால் நிற்கும். அது மெதுவாக ஏறுகிறது, பழுதானால் வழியை அடைக்கிறது என்பது பொறியியல் காரணம். ஆனால் அந்த லாரியில் இருப்பது ஆப்பிள்.

2022 செப்டம்பரில் அறுவடைக் காலத்தின் உச்சத்தில் ஆயிரக்கணக்கான பழ லாரிகள் காசிகுண்ட் பக்கத்தில் நாட்கணக்கில் நின்றன. பழம் அழுகத் தொடங்கியது. பழ வணிகர்களும் விவசாயிகளும் மண்டிகளை மூடிப் போராடினார்கள். 2025ஆம் ஆண்டின் வெள்ளத்தில் உதம்பூர்ப் பகுதியில் சாலை சிதைந்தபோது அதே காட்சி திரும்பியது; அப்போது புட்காமிலிருந்து ரயிலில் பழம் ஏற்றும் மாற்றுவழி கைகொடுத்தது. நகரத்தில் மாற்றுப்பாதை என்றால் பத்து நிமிடத் தாமதம். இங்கே மாற்றுப்பாதை இல்லை என்றால் ஓர் ஆண்டின் வருமானம். எந்த வண்டிக்கு எவ்வளவு நேரம் என்ற முடிவு ஒரு போக்குவரத்து ஆணையாக வெளிவந்தாலும், அதன் உள்ளடக்கம் பொருளாதாரம். காத்திருக்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று கேட்காமல் அந்த ஆணையை நியாயமாக எழுத இயலாது.

*கொடி பிடிப்பவர்*

நகரத்தின் தகட்டுக்கருகிலும் மலையின் கேட்டிலும் ஒருவர் நிற்கிறார். கையில் சிவப்பு, பச்சைக் கொடிகள். மேலே ஒளி எதிரொலிக்கும் சட்டை. விரைந்து வரும் வண்டிக்கும் குனிந்து வேலை செய்பவருக்கும் இடையில் உள்ள ஒரே காப்பு சில நேரங்களில் அவர்தான். வழிகாட்டு நூல் அவரிடம் பயிற்சியை எதிர்பார்க்கிறது. நடைமுறையில் அவர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் தினக்கூலி. அன்று கல் சுமக்க இயலாதவர் கையில் கொடி கொடுக்கப்படுவதும் உண்டு.

சட்டத்தில் அவருடைய இடம் என்ன? ஓட்டுநர் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கூறும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, சாலைக் குறிகளையும் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவல் அலுவலரின் கட்டளையையும் குறிப்பிடுகிறது. அந்தப் பிரிவில் கொடி பிடிப்பவர் இல்லை. அவர் கையசைப்பை மதிக்காமல் ஒரு கார் சென்றால் அவர் செய்யக்கூடியது விலகி நிற்பது மட்டுமே. பொறியியல் நூல் அவரை நம்பி நான்கு பகுதிகளையும் வரைகிறது. சட்டமோ அவரைக் காவலருக்கு இணையாக வைக்கவில்லை.

மலையில் அவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் ஒரு வரலாறு. லடாக்கின் சாலைகளில் வேலை செய்வோரில் கணிசமானோர் ஜார்க்கண்டின் தும்கா வட்டாரத்திலிருந்து ஒவ்வொரு கோடையிலும் வருவோர். அவர்களில் சந்தால் பழங்குடியினர் பலர். சமவெளியிலிருந்து வந்து, காற்று மெலிந்த உயரத்தில், கொதிக்கும் தாரின் அருகே நிற்கிறார்கள். எல்லைச் சாலைகளில் வைக்கப்பட்ட நகைச்சுவை எச்சரிக்கைப் பலகைகளைப் பயணிகள் படமெடுத்துச் செல்கிறார்கள். அதன் கீழே நிற்பவர் படத்தில் வருவது அரிது.

2020இன் ஊரடங்கு அவர்களைச் சிறிது காலம் கண்ணுக்குத் தெரிய வைத்தது. லடாக்கில் சிக்கிய 60 தொழிலாளர்கள் மே மாத இறுதியில் லேயிலிருந்து ராஞ்சிக்கு விமானத்தில் அழைத்துவரப்பட்டார்கள். ஜூன் மாதத்தில், கூலி, மருத்துவம் முதலிய நிபந்தனைகளை ஜார்க்கண்ட் அரசு எல்லைச் சாலைகள் அமைப்போடு பேசியபின், தும்காவிலிருந்து சிறப்பு ரயில் புறப்பட்டது. பல பத்தாண்டுகளாக முகவர்கள் வழியாகவே நடந்துவந்த ஆள் சேர்ப்பில் ஒரு மாநில அரசு தன் மக்களுக்காக நிபந்தனை பேசியது குறிப்பிடத்தக்க மாற்றம். சாலைக்கு நேரத்தைப் பங்கிட்டவர்கள், சாலை போடுபவரின் நேரத்துக்கு என்ன விலை என்று அப்போதுதான் ஓரளவு கேட்டார்கள்.

*200 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை*

2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 198-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ, வகுத்த தரங்களைப் பின்பற்றாததால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 283ஆம் பிரிவு 285ஆகி, அதன் அபராதம் 200 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

இம்மாற்றத்தின் பொருளைக் குறைத்து மதிப்பிடலாகாது. பள்ளத்தில் விழுந்தவர் கவனமாக வந்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்திலிருந்து, பள்ளத்தை அப்படி விட்டவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணத்துக்குச் சட்டம் நகர்ந்திருக்கிறது. உண்மையில் 1888இன் பம்பாய்ச் சட்டம் அன்றே அக்கடமையை ஆணையர்மீது வைத்தது. இடையில் பணி துறையிடமிருந்து ஒப்பந்ததாரருக்கும், அவரிடமிருந்து துணை ஒப்பந்ததாரருக்கும், கடைசியில் கொடி பிடிக்கும் தினக்கூலிக்கும் கைமாறியபோது கடமையும் படிப்படியாகக் கரைந்தது. புதிய பிரிவு அதை மேலே இழுக்க முயல்கிறது. ஆனால் பல கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் ரூபாய் என்பது தடுப்பு வேலிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைவிடக் குறைவாக இருக்கக்கூடும். தரத்தைப் பின்பற்றுவதைவிடப் பின்பற்றாமல் இருப்பது மலிவாக இருக்கும்வரை வழிகாட்டு நூல் அலமாரியில்தான் இருக்கும்.

வேலையிடத்தை ஆராய விரும்பும் மாணவருக்கு மூன்று கேள்விகள் பயன்படும். மறித்த இடமும் மறித்த நேரமும் யாரிடமிருந்து எடுக்கப்பட்டன? அந்த முடிவை எழுதியவர் யார். அது எங்கே அறிவிக்கப்பட்டது? தவறு நேர்ந்தபோது அதன் விலையைக் கொடுத்தவர் யார்? சௌரங்கியின் மேல்தளத்துக்கும், லட்சுமி நகரின் பேருந்துக்கும், காசிகுண்டின் ஆப்பிள் லாரிக்கும் இக்கேள்விகள் பொருந்தும். நகராட்சி ஆணைகள், மாவட்டப் போக்குவரத்து அறிவிப்புகள், ஒப்பந்தங்களின் பாதுகாப்புப் பிரிவுகள், தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் ஆகியவற்றில் விடைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மாதத்துக்கு மேற்படாத ஆணைகள் அரசிதழில் ஏறவில்லை. அவற்றால் பாதிக்கப்பட்டோரும், கொடி பிடித்து நின்றோரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வாய்மொழி வரலாறாக அதைப் பதிவு செய்யும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.